ஆறு வருஷமாக நிற்கிற பத்மினி: எழுப்பலாமா, எடைக்குப் போடலாமா?

நூல்கடைக்காரர், சேலம்:

என்னிடம் 1987 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட நிற்கிறது என்பதுதான் சரி. 2019 மார்ச்சில் அம்மாப்பேட்டை வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து விட்டேன். அப்புறம் அது வெளியே வரவில்லை. அந்த வருஷம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், அடுத்த வருஷம் ஊரே அடைந்து கிடந்தது. அதற்குப் பிறகு மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். தினமும் பல் துலக்கும்போது அதன் முகத்தைத்தான் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே தள்ளிப்போட்டேன். 2022இல் ஆர்.சி.யும், அதாவது பதிவுச் சான்றும், காலாவதி ஆகிவிட்டது.

இப்போது மாடிக்குக் குடிவருகிறவர்கள் வண்டி விட இடம் கேட்கிறார்கள். பழைய இரும்புக்காரர் வந்து ஒரு சுற்றுச் சுற்றி, பானெட்டை விரலால் சுண்டிப் பார்த்து, 22,000 என்றார். விலைகூடப் பரவாயில்லை. சுண்டிய விதம்தான் பிடிக்கவில்லை, தேங்காய் வாங்குகிறவர் சுண்டுவதுபோல.

கேள்வி இரண்டு. ஆறு வருஷம் நின்ற இன்ஜினை எந்த வரிசையில் எழுப்பவேண்டும்? எங்கள் பழைய மெக்கானிக் காலமாகிவிட்டார். அவர் மகன் ஏ.சி. வேலைக்குப் போய்விட்டார். இரண்டாவது, இந்த வேலையே தேவையா? அதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டுமானால் கதை தெரியவேண்டும்.

1991இல் அப்பா 65,000 கொடுத்து வாங்கினார். டாக்டர் ஓட்டிய வண்டி. அந்தக் காலத்தில் விற்பனைக்கு வந்த எல்லா பியட்டும் டாக்டர் ஓட்டியவைதான். அத்தனை டாக்டர்கள் நிஜமாகவே இருந்திருந்தால் தமிழ்நாட்டில் ஒருவருக்கும் காய்ச்சலே வந்திருக்காது. ஆனால் எங்களுடையது உண்மையிலேயே டாக்டருடையது. டேஷ்போர்டு அறைக்குள் ஒரு தெர்மாமீட்டர் கிடந்தது. 1974லேயே அந்தப் பியட்டுக்குப் பத்மினி என்று பெயர் வைத்துவிட்டார்கள், இருந்தாலும் அப்பா கடைசிவரை பியட் என்றுதான் சொன்னார். ஸ்டியரிங்கில் கியர், முன்னால் ஒரே நீள சீட். அப்பா, நான், நடுவில் வரவுசெலவு நோட்டோடு கணக்கப்பிள்ளை என்று மூன்று பேர் ஈரோட்டுச் சந்தைக்குப் போவோம். நடுவில் இருப்பவர் முழங்காலை அப்பாவின் கியர் போடும் கைக்கு வழிவிட்டு ஒடுக்கிக்கொள்ளவேண்டும். அவர் ஒடுக்கியே பழகி, கடை நாற்காலியிலும் அப்படித்தான் உட்காருவார்.

1994 மே மாதம். தர்மபுரியில் மச்சினன் கல்யாணம். மாலை சேலத்தில்தான் நன்றாகக் கட்டுவார்கள் என்று மாமியார் சொல்லிவிட்டார். இரண்டு கல்யாண மாலையை ஈரச் சாக்கில் சுற்றி, பின் சீட்டில் மனைவியின் மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் கிளம்பினோம். தொப்பூர் ஏற்றத்தில் முன்னால் ஒரு கரும்பு லாரி. இரண்டாவது கியரில் அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். பாதி ஏற்றத்தில் வண்டி இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. இதில் யார் மேலும் பழியில்லை. பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். இன்ஜின் சூடு, மே மாத வெயில், ஊர்ந்து போவதால் காற்றும் இல்லை. பம்பிலும் குழாயிலும் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளுகிற பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது, பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்ப்பரேட்டர் வறண்டுவிடும். பம்பு மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

ஈரத்துணிக்கு எங்கே போவது? என் கண் மாலைச் சாக்கின் மேல் போனது. மனைவி கொடுக்கமாட்டேன் என்றாள். பின்னால் வந்து நின்ற நாமக்கல் லாரி டிரைவர்தான், "குடுத்துருங்கம்மா, முகூர்த்தத்துக்கு மாலை போய்ச் சேரணுமா வேணாமா" என்று சமாதானம் செய்து, தன் கேனிலிருந்து தண்ணீரும் ஊற்றினார். இருபது நிமிஷத்தில் வண்டி எடுத்தது. சாக்கைத் திரும்ப மாலை மேல் சுற்றினேன். அங்கேதான் தப்பு. கல்யாண ஆல்பத்தில் மாலை மாற்றும் படத்தைப் பாருங்கள், மாப்பிள்ளை மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். சம்பங்கியும் பெட்ரோலும் கலந்த வாசம் எப்படி இருக்கும் என்று அவரைத்தான் கேட்கவேண்டும். இன்றுவரை என்னை 'பங்க் மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்.

பத்மினியை நம்பிப் போகமுடியாது என்று நினைத்துத்தான் 2003இல் புது வண்டி ஒன்று வாங்கினேன். அதன் பெயரை எழுதமாட்டேன். அதே வண்டியைப் பிரியமாக ஓட்டுகிறவர்கள் இங்கே இருப்பார்கள், அவர்களுக்கு நல்லதாக அமைந்திருக்கும். எனக்கு அமைந்தது என் ஜாதகம். ஏ.சி., பவர் ஸ்டியரிங், எல்லாக் கதவும் ஒரே சாவியில் பூட்டும். ஒரே சாவியில் எல்லாக் கதவும் திறக்காமலும் போகும். நடுரோட்டில் அணையும், பத்து நிமிஷம் கழித்துத் தானே எடுக்கும். ஒர்க் ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்த பையன், "எரர் எதுவும் காட்டலை சார்" என்றான். வண்டி ஓடவில்லை, ஆனால் குறை இல்லை. இதற்கு நான் என்ன செய்வது?

ஆயுத பூஜை அன்று சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் கட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா சூடம் காட்டி, "எடுப்பா" என்றார். திருப்பினேன். ஒன்றுமில்லை. பழம் நசுங்காமல் பூஜை முடியாது என்று அம்மா பிடிவாதம். கடைப் பையன்கள் நாலு பேர் வந்து தள்ளி எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்கள். முன்னால் நகர்த்தியதை இப்போது எங்கே நிறுத்துவது? கொட்டகையிலிருந்து பத்மினியை எடுத்தார் அப்பா. சோக்கை இழுத்து ஒரு திருப்பு, எடுத்துவிட்டது. நூல் பேல் கட்டும் கயிற்றை மூன்று மடிப்பாக்கிப் புது வண்டியைக் கட்டி, ஒர்க் ஷாப் வரை இழுத்துக்கொண்டு போனார். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாக இருக்கும், ஸ்டியரிங்கும் அப்படியே. பின்னால் அதில் நான் வியர்வையோடு போராடிக்கொண்டிருந்தேன். முன்னால் எழுபது வயது அப்பா, ஐந்து ரோடு சந்திப்பில் தெரிந்த முகம் எதைப் பார்த்தாலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

அந்தப் புது வண்டியை 2007இல் விற்றுவிட்டேன். என்ன நிறம் என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்லவேண்டும். 2023 அக்டோபரில் மும்பையில் பத்மினி டாக்சிகளின் காலம் முடிந்தது என்று செய்தி வந்தபோது மகள் அதை எனக்கு அனுப்பி, "அவங்களே விட்டுட்டாங்க, நீங்க எப்போ?" என்று கேட்டாள். இன்னும் பதில் போடவில்லை.

ஸ்பானர், மதுரை:

சார், முதலில் ஒன்று. ஆசையில் புதுப் பேட்டரியைப் போட்டுச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஆறு வருஷம் அசையாத இன்ஜினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். செல்ப் மோட்டார் வேகத்தில் சுற்றினால் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். அப்புறம் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற போரிங் செலவு.

நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில், கொஞ்சம் டீசல் கலந்து விடுங்கள். இரண்டு நாள் தொடவேண்டாம். அப்புறம் டாப் கியர் போட்டு, பிளக் இல்லாமலேயே வண்டியை முன்னும் பின்னும் தொட்டில்போல ஆட்டுங்கள். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ரேடியேட்டர் பேன் கொஞ்சமாவது சுற்றினால் உங்களுக்கு நல்ல காலம். சுற்றவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் இன்னும் ஆயில் விட்டு ஒரு வாரம் பொறுங்கள். எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாக டேஷ்போர்டுக்குப் பின்னால். ஒயரின் மேல்தோலைத்தான் அது முதலில் தின்னும். அது தெரியாமல் பேட்டரியை மாட்டினால் தீப்பிடித்துக் கொட்டகையோடு போய்விடும்.

டாங்கில் இருக்கிற பெட்ரோல் இனி பெட்ரோல் இல்லை. வார்னிஷ்போல நாறும், கார்ப்பரேட்டர் ஜெட்டில் பிசினாக ஒட்டும். அதை வடித்துவிடுங்கள். முதல் தடவை எழுப்பும்போது டாங்கையே நம்பாதீர்கள். சின்ன கேனில் அரை லிட்டர் நல்ல பெட்ரோல், அதிலிருந்து குழாய் நேராகப் பம்புக்கு. கேன் சைலன்சர் பக்கம் வேண்டாம், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். ரப்பர் குழாய் எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி விரிசல் விட்டுவிடும். பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

பிளக்குகளுக்குக் கரன்ட் பிரித்துத் தருகிற டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே திறந்து மூடுகிற பாயின்டைப் பாருங்கள், பூத்துப்போயிருக்கும். நைஸ் எமரித் தாளால் ஒரு இழுப்பு. கண்டென்சர் புதிதாகவே போடுங்கள், நூறு இருநூறு ரூபாய்ச் சாமானுக்காக நடுரோட்டில் நிற்காதீர்கள்.

எல்லாரும் கோட்டை விடுகிற இடம் பிரேக். இன்ஜின் எடுத்த சந்தோஷத்தில் வெளியே ஓட்டிவிடுவார்கள். நாலு சக்கரமும் டிரம் பிரேக். அதைத் தள்ளிப் பிடிக்கவைக்கிற வீல் சிலிண்டரில் ரப்பர் இறுகி, துரு ஏறியிருக்கும். ஒரு மிதிக்குப் பிடிக்கும், இரண்டாவது மிதிக்குக் கால் தரையைத் தொடும். எழுபதுகளில் வேலை கற்றுக்கொண்டபோது எங்கள் மேஸ்திரி முதல் மாதம் இன்ஜினைத் தொடவே விடமாட்டார். "நிக்கத் தெரியாத வண்டிக்கு ஓடத் தெரிஞ்சு என்னடா பண்ண" என்பார்.

ஆர்.சி. விஷயம். 15 வருஷத்துக்கு மேல் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிப்பது உங்களுக்கே தெரியும். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணத்தை 5,000 ஆக்கினார்கள், 20 வயது தாண்டியதற்கு அப்புறம் இன்னும் ஏற்றிவிட்டார்கள். பசுமை வரி தனி, தாமதத்துக்கு மாதக் கணக்கில் தனி. கூட்டிப் பார்த்துவிட்டு மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். 50 வயது ஆனால் விண்டேஜ் என்று பதியலாம், அதற்கு 2037 வரை பொறுக்கவேண்டும்.

என் கட்சி அம்பாசடர். 1489 சி.சி., கனத்த உடம்பு, பெட்ரோலைப் பானகம்போலக் குடிக்கும். அதைச் செய்த மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 2014 மே மாதம் தொழிற்சாலையை நிறுத்தினார்கள் என்று செய்தி வந்த அன்று ஒர்க் ஷாப்பில் நான் அம்பாசடரின் கிளட்சைத்தான் இறக்கிக்கொண்டிருந்தேன். பேட்டரி செத்தால் முன்னால் கம்பியை விட்டுச் சுற்றி எடுக்கலாம். கட்டைவிரலை மட்டும் கம்பியைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது, எதிர்த்து உதைக்கும். என் வலது கட்டைவிரல் இன்றும் முழுசாக மடங்காது. அதனால் அந்த வண்டி மேல் கோபம் என்று நினைக்காதீர்கள், தப்பாகப் பிடித்தது நான்தான்.

மூன்றாம்மாடி, சென்னை:

கொடுத்துவிடுங்கள் சார். எங்கள் குடியிருப்பில் ஒருவர் இப்படித்தான் 11 வருஷமாக ஒரு வண்டியை எழுப்பப்போகிறார். இப்போது அதன் மேல் அவர்கள் வீட்டு வடாம் காய்கிறது.

குன்னூர்ப்பெண்:

அண்ணா, எலுமிச்சம்பழத்தைத் தள்ளி நசுக்கியதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

நான் ஓட்டக் கற்றது அப்பாவின் 1996 மாருதி 800. மூன்றே சிலிண்டர், 796 சி.சி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற நாங்கள் ஐந்து பேர், அத்தையின் ஒரு மூட்டை சின்ன வெங்காயம். ஏ.சி.யை அணைத்தால்தான் ஏறும் என்று அப்பா பர்லியாரிலேயே அணைத்துவிடுவார். அதற்குள் குளிர்ந்துவிடும், யாருக்கும் வருத்தமில்லை. அது ஒரு தடவைகூட எங்களை வழியில் விட்டதில்லை. அதனாலேயே அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கதையே இல்லை, பாருங்கள்.

கதை வைத்திருப்பது அடுத்தது. 2016இல் சென்னையில் வேலை. பழைய கார் ஒன்று, நல்ல பளபளப்பு, 40,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, விலையும் சந்தையைவிடக் குறைவு. அங்கேயே சந்தேகப்பட்டிருக்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. முதல் மழையில் ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. வேளச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ராத்திரி ஒன்பது மணிக்கு, நிற்காமல். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஓர் ஆட்டோ அண்ணன்தான் பானெட்டைத் திறந்து ஹாரன் ஒயரைப் பிடுங்கினார். மறுநாள் கண்ணாடி இறங்கவில்லை, அடுத்த வாரம் மீட்டரில் முள் எழவில்லை.

மெக்கானிக் வந்து பெரிதாக எதையும் கழற்றவில்லை. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தார். கடைசி ஒரு சாண் நீளத்துக்குக் காவி நிறத்தில் சேற்றுக் கோடு. "இதை மட்டும் யாரும் கழுவமாட்டாங்கம்மா" என்றார். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி பள்ளத்தில் மண். வண்டிக்குள் மாட்டியிருந்த மல்லிகை வாசனைப் புட்டி எதற்கு என்று அன்றுதான் புரிந்தது. விற்றவர் போனை எடுக்கவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயவுசெய்து பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள், ஓசியில் ஆகிற சோதனை.

உங்கள் கேள்விக்கு: எனக்குத் தெரியாது அண்ணா. அப்பா மாருதியை விற்றபோது வாங்கியவர் ஊட்டிக்காரர். இரண்டு வருஷம் கழித்து சேரிங் கிராஸில் அந்த வண்டியைப் பார்த்தேன். பின் கண்ணாடியில் நான் ஒட்டிய மயில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஓடிப்போய் டிரைவரிடம் சொல்லலாம் என்று தோன்றி, என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

நூல்கடைக்காரர், சேலம்:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

ஸ்பானர் அண்ணே சொன்ன வரிசையிலேயே போனேன். எலிக்கூடு பின் சீட்டுக்குள் இருந்தது, நாரெல்லாம் உருவி மெத்தை போட்டிருந்தது. கூட்டில் நாலைந்து 25 பைசா, கடைச் சீட்டுத் துண்டுகள், என் மகளின் பள்ளிக்கூட ரிப்பன். டேஷ்போர்டுப் பக்கம் இரண்டே ஒயர்தான் கடித்திருந்தது, டேப் சுற்றினேன். தெர்மாமீட்டர் அப்படியே இருக்கிறது.

ஆயில் விட்டு இரண்டு நாள் என்றீர்கள், நான் பயத்தில் ஐந்து நாள் விட்டேன். பிறகு நானும் மருமகனும் டாப் கியரில் போட்டு ஆட்டினோம். முதல் நாள் பேன் அசையவே இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு, சாயங்காலம் ஆட்டினபோது அரை விரற்கடை நகர்ந்தது. மருமகன் ஐ.டி.யில் வேலை செய்கிறவர், இந்த வண்டியை இதற்கு முன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. "மாமா, நகருது!" என்று அவர் கத்தியதில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப்பார்த்தார்.

கேனைப் பானெட் ஓரத்தில் கட்டிக் குழாய் விட்டேன். டாக்டர் வண்டிக்கு டிரிப்ஸ் ஏற்றுவதுபோலவே இருந்தது. பிளக் துடைத்து, பாயின்ட் தேய்த்து, கண்டென்சர் மாற்றி, பேட்டரி மாட்டி, சோக்கை முழுசாக இழுத்துத் திருப்பினேன். எட்டாவது தடவை எடுத்தது. ஊற்றிய ஆயில் எல்லாம் எரிந்து கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, கொசு மருந்து அடிக்கிறவர்கள் வந்ததுபோல. இரண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன். மனைவி புகைக்குள்ளிருந்து வந்து, "ஈரச் சாக்கு வேணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பிரேக் நீங்கள் சொன்னபடிதான். இரண்டாவது மிதிக்குக் கால் தரைக்குப் போய்விட்டது. ஆகையால் வண்டி இன்னும் கொட்டகைக்குள்தான். மாடிக்கு வருகிறவர்களிடம் முன்வாசலில் விட்டுக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது. இரும்புக்காரர் போன் செய்தார், 24,000 என்றார். அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

அண்ணே, ஒரு சந்தேகம். வீல் சிலிண்டர் கழற்றினால் முன் பக்கத்துக்கும் பின் பக்கத்துக்கும் ஒரே அளவு இருக்குமா, தனித்தனியா? இங்கே கடையில் கேட்டால் பையன் போனில் தேடிப்பார்த்துவிட்டு அப்படி ஒரு வண்டியே லிஸ்டில் இல்லை என்கிறான்.

ஸ்பானர், மதுரை:

பழசைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள் சார், முன்னது பின்னது என்று சாக்பீஸில் எழுதி. பையனிடம் கேட்காதீர்கள், உள்ளே கல்லாவில் ஒரு பெரியவர் இருப்பார்.